படத்துக்குள் வராத பசி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோட்டயத்தில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். நாவலிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் கட்டுரை வாசிக்க வேண்டும். நான் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படத்தை எடுத்துக்கொண்டேன். நாவலை முதலில் படித்த தோழிகள் படம் வெறும் கூடு என்கிறார்கள். நான் படத்தை முதலில் பார்த்தவள். அது என்னை உலுக்கிவிட்டது. பிறகு நாவலைப் படித்தேன். இரண்டையும் சேர்த்து வைத்து எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஓணம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது மடிக்கணினியில் அம்மாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா சின்ன வயதிலிருந்து கொழுந்து எடுப்பவர். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது அவரும் அங்கே இருந்தார். ரூ என்ற சிறுமி இறந்த பிறகு கதாநாயகி காட்னிஸ் மூன்று விரலை உயர்த்தும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. படம் முடிந்ததும், “எல்லாஞ் சரிதான். பசி வெளையாட்டுன்னு பேரு சொன்னியே, இந்தப் புள்ளைக்கு எங்க பசிச்சுச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நாவலுக்கு இந்தப் படம் நியாயம் செய்திருக்கிறதா? அம்மாவின் கேள்வியைக் கட்டுரையில் சேர்த்தால் வகுப்பில் சிரிப்பார்களா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மூணாறு

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மாவின் கேள்வியைக் கட்டுரையின் முதல் வரியாகவே வையுங்கள். இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்ட இடத்தை அவர் ஒரே வரியில் தொட்டிருக்கிறார். உங்கள் கடிதம் வந்த பிறகு நாவலை மறுபடி படித்தேன். படத்தையும் இரண்டு இரவுகளில் மறுபடி பார்த்தேன். நான் சொல்லப்போவது அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூசன் காலின்ஸ் எழுதிய நாவல் 2008இல் வெளியானது. கேரி ராஸ் இயக்கிய படம் 2012 மார்ச்சில் வந்தது. அழிந்துபோன வட அமெரிக்காவின் மீது எழுந்த பானெம் என்ற நாட்டில், கேப்பிட்டல் என்ற செல்வத் தலைநகரம் 12 மாவட்டங்களை அடக்கி ஆள்கிறது. முன்பு ஒரு காலத்தில் மாவட்டங்கள் செய்த கலகத்துக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுக்கிறார்கள். அந்த 24 பேரும் ஒருவரை ஒருவர் கொன்று ஒருவர் மட்டும் மிஞ்சவேண்டும். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும். 12ஆம் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் வாழும் 16 வயதுக் காட்னிஸ், தன் தங்கை பிரிமின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தான் போகிறேன் என்று முன்வருகிறாள்.

உங்கள் தோழிகள் படத்தை வெறும் கூடு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்கள் மறுபடி பார்க்கவேண்டிய முதல் இடம், பெயர் எடுக்கும் அந்த நாள். நாவல் அதற்கு அறுவடை என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறது. துவைத்துத் தேய்த்த வெளிறிய உடைகளில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை ஏட்டில் பதிகிறார்கள். பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. மண்ணில் பாதங்கள் உரசும் ஓசையும், யாரும் யாரோடும் பேசாத மௌனமும்தான் இருக்கின்றன. கையில் பிடித்த கேமரா குழந்தைகளின் தோள் உயரத்தில் தடுமாறிச் செல்வதால் நாமும் அந்த வரிசையில் ஒரு பிள்ளையாகிவிடுகிறோம். 12ஆம் மாவட்டத்தின் வீடுகள் வரும் காட்சிகள் வட கரோலினா மாநிலத்தில் ஹென்றி ரிவர் என்ற கைவிடப்பட்ட ஆலைக் குடியிருப்பில் எடுக்கப்பட்டவை. பஞ்சாலை முதலாளிகள் தொழிலாளர்களுக்காக ஒரே அச்சில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த மரவீடுகள் அவை. லயத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்த வீடுகளைப் பார்த்ததும் ஏதோ தெரிந்த இடம்போலத் தோன்றியிருந்தால் அது தற்செயல் அல்ல. வேலை கொடுப்பவனே வீட்டையும் கொடுக்கும்போது வீடுகள் எந்த நாட்டிலும் இப்படித்தான் நிற்கின்றன.

இரண்டாவது வலிமை, நாவலால் செய்ய முடியாததை இந்தப் படம் செய்திருப்பது. நாவல் முழுவதும் காட்னிஸின் குரலில், தன்மையில், நிகழ்காலத்தில் நடக்கிறது. அவள் பார்க்காத எதையும் நாம் பார்க்க முடியாது. காலின்ஸும் ராஸும் பில்லி ரேயும் சேர்ந்து எழுதிய திரைக்கதை அந்தச் சுவரை உடைத்து, விளையாட்டை நடத்துபவர்களின் கட்டுப்பாட்டு அறைக்குள் நம்மைக் கொண்டுபோகிறது. வெள்ளை உடையில் சுறுசுறுப்பாக இயங்கும் இளைஞர்கள் விரல் நுனியால் காட்டில் நெருப்பு மூட்டுகிறார்கள். ஒரு பெண் வேட்டைநாய் போன்ற மிருகத்தை வடிவமைத்துக் காட்டுகிறாள். தலைவர் மகிழ்ந்து பாராட்டுகிறார். அவர்களில் ஒருவர் முகத்திலும் கொடுமைக்காரனின் சாயல் இல்லை. வேலையை நன்றாகச் செய்யும் நல்ல ஊழியர்களாகவே இருக்கிறார்கள். கொடுங்கோன்மை என்பது ஒரு தனி மனிதனின் வெறி அல்ல, அது ஓர் அலுவலகம் என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் இளையோர் படத்தில் நான் பார்த்ததில்லை. அதிபர் ஸ்னோ ரோஜாச் செடிகளுக்கிடையே நின்றுகொண்டு, மக்களுக்கு நம்பிக்கையை எவ்வளவு அளந்து கொடுக்கவேண்டும் என்று விளையாட்டின் தலைவர் செனெகா கிரேனுக்குப் பாடம் சொல்லும் காட்சியும் நாவலில் கிடையாது. டொனால்ட் சதர்லாண்ட் குரலை உயர்த்தாமல் பேசும் அந்தச் சில நிமிடங்களில் அரசு எப்படிச் சிந்திக்கிறது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

காட்னிஸாக நடித்த ஜெனிஃபர் லாரன்ஸைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். களத்துக்குள் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் குழாயில் ஏறுவதற்கு முன்பு காட்னிஸின் உடல் நடுங்கும் நடுக்கத்தைக் கவனியுங்கள். வீரநாயகியைக் காட்டும் படங்கள் பொதுவாக அந்த இடத்தில் அவளை நிமிர்ந்து நிற்க வைக்கும். இங்கே அவள் தாடை நடுங்குகிறது, சொல் வரவில்லை. பலிக்குப் போகும் உயிரின் நடுக்கம் அது. அந்த நடிகையின் முகம் இல்லையென்றால் இந்தப் படம் பாதியாகியிருக்கும்.

இனி உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

படம் தொடக்கத்திலேயே 12ஆம் மாவட்டத்தின் வறுமையைக் காட்டுகிறது. சாம்பல் நிறம், கிழிந்த துணி, ஒட்டிய கன்னம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வறுமை வேறு, பசி வேறு. வறுமையை வெளியில் நின்று பார்க்கலாம், அதற்கு ஒரு நிறமும் ஓர் உடையும் உண்டு. பசி உடம்புக்குள் இருப்பது. பசித்தவள் எதைப் பார்க்கிறாள், எதைக் கணக்கிடுகிறாள், சோற்றின் முன் அவள் கை எப்படி நகர்கிறது என்பதில்தான் அது தெரியும். எங்கள் வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் அம்மா கஞ்சி ஊற்றும்போது, அகப்பை பானையின் அடியில் தட்டும் ஓசைக்காக நாங்கள் நான்கு பிள்ளைகளும் காதைக் கொடுத்துக் காத்திருப்போம். எத்தனையாவது அகப்பையில் அந்த ஓசை வருகிறது என்பதை வைத்து அம்மாவுக்கு மிச்சம் உண்டா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். காலின்ஸின் நாவல் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே எழுதப்பட்டது. படத்தில் அந்த ஓசை இல்லை.

நாவலில் டெசெரா என்று ஓர் ஏற்பாடு வருகிறது. குலுக்கலில் ஒருவர் பெயர் 12 வயதில் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒன்று கூடியும் சேர்ந்துகொண்டே போகும். சோற்றுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிக் கொடுத்தால் ஒருவருக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைகுறையாக. காட்னிஸ் தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுதோறும் மூன்று முறை கூடுதலாகப் பெயர் கொடுத்தவள். ஆகவே 16 வயதில் அவள் பெயர் 20 முறை இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்காகப் பெயர் கொடுத்துவந்த அவள் நண்பன் கேலின் பெயர் 18 வயதில் 42 முறை. பசியில்லாத வீட்டின் 16 வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஐந்து. குலுக்கல் என்பது எல்லாருக்கும் பொது என்று அரசு சொல்லும் பொய்யை இந்தக் கணக்கு கிழித்துவிடுகிறது. சாவு சீட்டில் விழுவதில்லை, சோற்றுப் பானையில் விழுகிறது. படத்தில் கேல் 42 என்ற எண்ணைச் சொல்கிறான். காட்னிஸ் விடைபெறும்போது, அவர்கள் தரும் கூடுதல் உணவை வாங்காதே என்று தங்கையை எச்சரிக்கிறாள். அவ்வளவுதான். நாவலைப் படிக்காத ஒருவருக்கு அந்த 42 என்பது என்ன என்று விளங்குவதற்குள் காட்சி கடந்துவிடுகிறது. தோட்டத்துக் கடையில் வாங்கிய பற்று, சம்பளத்தில் கழிந்த கதையைத் தாத்தா பாட்டியிடமிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை சொன்னால் போதும். படம் அந்தக் கணக்கை ஒருமுறைகூட முழுதாகச் சொல்லவில்லை.

அடுத்தது ரொட்டி. நாவலின் உயிர் என்று நான் நினைக்கும் இடம் அது. காட்னிஸுக்கு 11 வயதிருக்கும்போது தந்தை சுரங்க வெடிப்பில் இறந்துவிடுகிறார். தாய் மனம் உறைந்து படுத்துவிடுகிறாள். அடித்துப் பெய்யும் மழையில் தங்கையின் பழைய குழந்தை உடைகளை விற்க முயன்று, யாரும் வாங்காமல், நடக்கவும் தெம்பில்லாமல் அந்தச் சிறுமி ரொட்டிக் கடையின் பின்வாசலில் வந்து நிற்கிறாள். குப்பைத் தொட்டியைத் திறந்தால் அதிலும் ஒன்றுமில்லை. கடைக்காரி திட்டி விரட்டுகிறாள். அவள் மகன் பீட்டா, பின்னாளில் காட்னிஸோடு அதே மாவட்டத்திலிருந்து களத்துக்குப் போகும் பையன், ரொட்டிகளை வேண்டுமென்றே நெருப்பில் தவறவிட்டு, தாயிடம் அடிவாங்கி, கன்னத்தில் தழும்போடு வெளியே வந்து, பன்றிக்குப் போடுவதுபோலப் போட்டு, கரிந்த இரண்டு ரொட்டிகளை அவள் பக்கம் வீசுகிறான். மறுநாள் பள்ளி வளாகத்தில் அவனைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தும்போது தரையில் ஒரு மஞ்சள் காட்டுப்பூவைப் பார்க்கிறாள். தின்னக்கூடிய கீரைகளைத் தந்தை காட்டிக்கொடுத்தது அவளுக்கு நினைவு வருகிறது. அந்தக் கணத்தில்தான் அவள் பிழைக்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு மணிமேகலைதான் நினைவுக்கு வந்தது. சாத்தனார் பசிக்குக் கொடுக்கும் பெயர் ‘பசிப்பிணி என்னும் பாவி’. அந்தப் பாவி குடிப்பிறப்பை அழிக்கும், கல்வியைக் கைவிடச் செய்யும், நாணத்தைக் களையும் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், கடைசியில் பிறர் வீட்டுப் புறங்கடையில் கொண்டுபோய் நிறுத்தும் என்று முடிக்கிறார். புறங்கடை என்ற அந்தச் சொல்லில்தான் காட்னிஸ் நிற்கிறாள். நாணம் போய், தன் பெயர் போய், இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்பது. அதனால்தான் நாவலில் அவள் பீட்டாவை நேசிப்பதற்கு முன்பே அவனுக்குக் கடன்பட்டிருக்கிறாள். அந்தக் கடனே அவளை உறுத்துகிறது. படம் இந்தக் காட்சியை நான்கைந்து விநாடித் துண்டுகளாக வெட்டி, நினைவுக் கீற்றுகளாக இங்கும் அங்கும் செருகிவிடுகிறது. மழையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பையன் ரொட்டியை எறிகிறான். அவள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது இல்லை. மஞ்சள் பூவும் இல்லை. பார்ப்பவர்கள் அதை ஒரு காதலின் முன்கதையாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். கேப்பிட்டலுக்குப் போகும் ரயிலில் முதன்முறையாக வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும்போது, போன வருடம் வந்த இருவரும் காட்டுமிராண்டிகள்போலக் கையால் அள்ளித் தின்றார்கள் என்று அவர்களை அழைத்துச் செல்லும் கேப்பிட்டல்காரி எஃபி சொல்கிறாள். வாழ்நாளில் ஒரு நாள்கூட வயிறு நிறையாத பிள்ளைகள் அவர்கள் என்று காட்னிஸ் மனத்துக்குள் கொதித்து, மீதிச் சாப்பாட்டைக் கையாலேயே தின்று மேசைவிரிப்பில் கையைத் துடைக்கிறாள். படத்தில் இந்தக் கோபம் இல்லை. களத்துக்குள் வசதியான மாவட்டத்துப் பிள்ளைகள் குவித்து வைத்திருக்கும் உணவுக் குவியலைக் காட்னிஸ் வெடிக்க வைக்கிறாள். நாவலில் அது ஒரு பசித்தவளின் யோசனை. அவர்களுக்குப் பசித்திருக்கத் தெரியாது, எனக்கும் ரூவுக்கும் தெரியும், அதுவே எங்கள் பலம் என்று அவள் கணக்கிடுகிறாள். பட்டினி கிடந்த அனுபவம் ஒரு படைக்கலமாக மாறும் அந்த இடம், படத்தில் நல்ல வெடிச்சத்தமாக மட்டும் மிஞ்சுகிறது.

ரூ 12 வயதுக் குழந்தை. விவசாய மாவட்டமான 11இலிருந்து வருபவள். காட்டில் சுட்ட பறவையின் கால் ஒன்றை முழுதாகக் கையில் வாங்கும்போது, ஒரு முழுக்காலைத் தனக்கே தனக்கென்று சாப்பிட்டதில்லை என்கிறாள். நாட்டுக்கே விளைவிப்பவர்கள் நீங்கள், உங்களுக்கா உணவில்லை என்று காட்னிஸ் வியக்கிறாள். விளைந்ததை எடுத்துத் தின்றால் எல்லார் முன்னிலையிலும் சவுக்கடி என்று ரூ சாதாரணமாகப் பதில் சொல்கிறாள். போடியில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் போடிமெட்டு நோக்கி ஏறுவது தெரியும். உள்ளே தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், எல்லைக்கு அப்பால் ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், பண்டிகைப் பாயசத்துக்கு ஏலக்காய் வாங்க நாலு முறை யோசிப்போம் என்று சொல்லியிருக்கிறார். ரூவின் அந்த இரண்டு வாக்கியங்கள் இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாதவை.

இனிதான் மிகச் சிக்கலான இடம். உங்கள் அம்மா படத்தை நிறுத்தச் சொன்ன அதே இடம்.

ரூ இறந்ததும் காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். பிறகு கேமராவைப் பார்த்து மூன்று விரலை உயர்த்துகிறாள். படம் உடனே 11ஆம் மாவட்டத்துக்குத் தாவுகிறது. திரையைப் பார்த்து நிற்கும் மக்கள் பதிலுக்கு விரல் உயர்த்துகிறார்கள். ஒருவர் காவலன்மீது பாய்கிறார், கலவரம் வெடிக்கிறது. இந்தப் பகுதியைப் படமாக்குவதில் ஸ்டீவன் சோடர்பெர்க் உதவினார். படத்தின் மிகச் சிறந்த நிமிடங்கள் இவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோட்டத்துப் பெண்கள் சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்த நாட்களை உங்கள் அம்மா அந்தத் திரையில் பார்த்திருப்பார். அந்தச் சைகை திரைக்கு வெளியிலும் நடந்தது. 2014இல் தாய்லாந்தில் இராணுவ ஆட்சியை எதிர்த்தவர்களும், 2021இல் மியான்மரில் எதிர்த்தவர்களும் அதே மூன்று விரலை உயர்த்தினார்கள். ஒரு சினிமா உலகத்துக்கு ஒரு சைகையைக் கொடுப்பது சிறிய செயல் அல்ல. நாவலிலும் அந்தச் சைகை இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணால் பார்க்கும்படி ஆக்கி, மொழி தெரியாதவர் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது படம்தான். ஆங்கிலம் தெரியாத உங்கள் அம்மாவுக்கு அந்த இடத்தில் உங்கள் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்காது.

ஆனால் நாவலில் அந்த இடத்தில் கலவரம் இல்லை. அங்கே ஒரு ரொட்டி வருகிறது. வானத்திலிருந்து சிறிய பாராசூட்டில் இறங்கும், பிறை வடிவில் விதைகள் தூவிய ரொட்டி. அது 11ஆம் மாவட்டத்து ரொட்டி என்பதைக் காட்னிஸ் அடையாளம் காண்கிறாள். களத்துக்குள் எதை அனுப்புவதற்கும் பெரும் பணம் வேண்டும். பட்டினி கிடக்கும் மக்கள் தங்கள் பிள்ளை ரூவுக்காகக் காசு சேர்த்திருக்கிறார்கள்; அவள் இறந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல், அவளுக்குப் பூ வைத்த வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாவட்டம் தன் பிள்ளை அல்லாத ஒருவருக்கு உணவு அனுப்புவது அதுவே முதல் முறை. நாட்டின் பெயரான பானெம் என்பதே லத்தீனில் ரொட்டியைக் குறிக்கும் சொல். சோற்றையும் வேடிக்கையையும் கொடுத்து மக்களை அடக்கிவைத்த ரோமாபுரியைப் பற்றிக் கவிஞர் ஜுவெனல் எழுதிய வரியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆள்பவர்கள் அடக்குவதற்குப் பயன்படுத்தும் அதே ரொட்டியை, இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும்போதுதான் அந்த நாட்டின் அடித்தளம் முதன்முதலாக அசைகிறது. ரொட்டிக் கடையின் பின்வாசலில் விழுந்த கரிந்த ரொட்டியும், வானத்திலிருந்து இறங்கும் இந்த ரொட்டியும் ஒரே நூலில் கோத்தவை. முதலாவதைத் துண்டாக்கிய படத்துக்கு இரண்டாவதை வைக்க இடமில்லாமல் போயிற்று.

கலவரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 142 நிமிடப் படத்தில் அந்த ரொட்டிக்கு ஒரு நிமிடம் கிடைத்திருக்க வேண்டும் என்கிறேன். கோபத்தைப் படம் பிடித்தவர்கள் பகிர்தலைப் படம் பிடிக்கவில்லை. 2015இல் சாலையில் உட்கார்ந்த நாட்களில் யார் யாருக்குச் சோறு கொண்டுவந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கோஷம் எல்லாருக்கும் தெரியும், சோறு வந்த வழி அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வன்முறையைப் பற்றியும் எழுதவேண்டும், ஏனென்றால் அதுவும் இதே குறையின் இன்னொரு முகம். களத்தின் தொடக்கத்தில் நடக்கும் படுகொலையை ராஸ் ஓசையை ஏறக்குறைய அணைத்துவிட்டுத் துண்டு துண்டான காட்சிகளாகக் காட்டுகிறார். அந்த முடிவை நான் மதிக்கிறேன். குழந்தைகளின் மரணத்தை அழகாக ஆடவிட்டுக் காட்டும் ஆசை அவரிடம் இல்லை. ஆனால் தொடர்ந்து வரும் சண்டைகள் எல்லாவற்றிலும் கேமரா அதே அளவு குலுங்குவதால், யாருக்கு என்ன நடந்தது என்பதே தெரியாமல் போகிறது. பதின்வயதினர் பார்க்கும்படியான சான்றிதழ் வேண்டும் என்ற கட்டாயமும் அதில் கலந்திருக்கிறது. பிரிட்டனில் 12 வயதுச் சான்றிதழுக்காக 7 விநாடிக் காட்சிகள் குறைக்கப்பட்டன. அடி விழும்போது பார்வையைத் திருப்பிக்கொள்வதும், பசியைக் காட்டாமல் நகர்வதும் ஒன்றுதான். இரண்டிலும் உடம்பு மறைந்துபோகிறது. உடம்பு மறைந்த பிறகு மிஞ்சுவது விறுவிறுப்பு, அதைத்தான் கேப்பிட்டலின் மக்களும் ரசிக்கிறார்கள். நம்மை அந்த இருக்கையில் உட்காரவைத்து, நீயும் இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் இது மாபெரும் படமாகியிருக்கும். மாறி மாறி வரும் தொலைக்காட்சி அலைவரிசைகளில் போட்டி நிகழ்ச்சியும் போர்க் காட்சிகளும் ஒன்றோடொன்று கலந்ததிலிருந்துதான் இந்தக் கதை தனக்குத் தோன்றியது என்று காலின்ஸே சொல்லியிருக்கிறார். கேள்வி மூலத்திலேயே இருந்தது.

காதலைப் பற்றிய குறையை உங்கள் தோழிகள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நாவலில் குகைக்குள் காட்னிஸ் பீட்டாவை முத்தமிடுவது பெரும்பாலும் நடிப்பு. முத்தத்துக்குப் பிறகு பாராசூட்டில் உணவு வருவதை வைத்து, தன் வழிகாட்டி ஹேமிட்ச் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவளே ஊகித்துக்கொள்கிறாள். காதலும் அங்கே சோற்றுக்கான உழைப்பாகிறது. படத்தில் ஹேமிட்ச் ஒரு சீட்டில் எழுதியே அனுப்பிவிடுகிறார். அவள் மனத்துக்குள் ஓடும் கணக்கு நமக்குக் கேட்காததால் நடிப்பு எது, நேசம் எது என்ற வேதனை மெலிந்துபோகிறது. எல்லாம் நடிப்பா என்று பீட்டா அறிந்து உடையும் நாவலின் முடிவும் படத்தில் மிருதுவாக்கப்பட்டிருக்கிறது. பீட்டா ஒரு காலை இழப்பது, இறந்த பிள்ளைகளின் கண்களோடு மிருகங்கள் வருவது போன்ற விடுபடல்கள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு படம் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும்.

பசியைத் திரையில் காட்டவே முடியாது என்று வகுப்பில் யாராவது சொல்லலாம். மனத்துக்குள் நடப்பது நாவலுக்கு, கண்ணுக்குத் தெரிவது சினிமாவுக்கு என்ற பிரிவினை பாடப்புத்தகங்களில் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கண்ணாடிக் குழாயின் முன் அந்தப் பெண்ணின் பயத்தை ஒரு சொல்லும் இல்லாமல் நம் வயிற்றுக்குள் இறக்கத் தெரிந்த இயக்குநருக்கும் நடிகைக்கும், ரயிலில் அவள் முதல் கவளத்தை எடுக்கும் கையை ஒரு நிமிடம் காட்டத் தெரியாமலா போயிருக்கும்? அடுக்கிய பலகாரங்களைப் பார்த்ததும் தங்கைக்கு இதில் எதை எடுத்துவைக்கலாம் என்று ஒரு கணம் கண் தேடுவதைக் காட்டலாம். அவர்களால் முடியும். அவர்கள் அந்தத் திசையில் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

ஆகவே, நாவலுக்குப் படம் நியாயம் செய்ததா என்ற கேள்விக்கு என் பதில் இது: அரசைப் படம் சரியாகப் பார்த்தது, பல இடங்களில் நாவலைவிடத் துல்லியமாகப் பார்த்தது. அரசு எதை வைத்து அந்த மக்களைக் கட்டிப்போட்டது என்பதைத் தவறவிட்டது. உங்களை முதலில் உலுக்கியது முன்னது. உங்கள் அம்மா தேடிக் காணாதது பின்னது. இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். வகுப்பில் யாராவது சிரித்தால் அந்த 42 என்ற எண் எப்படி வந்தது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்வீர்களா? நாவலில் அந்த ரொட்டிக் கடைப் பின்வாசல் வரும் பக்கங்களையும், பிறை வடிவ ரொட்டி இறங்கும் பக்கத்தையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
போடிநாயக்கனூரிலிருந்து